மிச்ச மாத்திரையின் கணக்கு

எங்கள் காலனியில் எனக்கு ஆயா முறை ஆகும் ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்கும் வயது. இன்னும் நடவுக்குப் போகிறார். பிரஷரும் சுகரும் உண்டு. போன புரட்டாசியில் மாத்திரை கொடுக்க வந்த பெண் தன்னார்வலர், ஆயாவின் மஞ்சள் பையைத் திண்ணையில் கொட்டி, தீராமல் கிடந்த அட்டைகளைப் பார்த்துவிட்டு, ‘சரியாகச் சாப்பிடுவதில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். அவர் மீது குற்றமில்லை. அவரிடம் இருந்த படிவத்தில் அதற்கு மேல் எழுத இடமில்லை.

சாயந்திரம் நான் போனபோது ஆயா அதே பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபம். “தெனம் தின்னுறேன். திங்கலன்னு எழுதிட்டுப் போவுதே அந்தப் பொண்ணு” என்றார். இரண்டு பேரும் சேர்ந்து அட்டைகளைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு வகை அட்டை முழுக்கக் காலி. இன்னொன்று பாதி காலி. மூன்றாவது அட்டையில் இரண்டே இரண்டு குழிதான் உடைந்திருந்தது. அது நீர் மாத்திரை.

“அதப் போட்டா ஒண்ணுக்கு வந்துகிட்டே இருக்குது கண்ணு. நடவு நட்ற கயனியில எங்க போயி ஒதுங்கறது? வரப்புல ஆம்பளைங்க நிக்கறாங்க. நெலம் அவங்களுது.”

பாதி காலியான அட்டை சர்க்கரைக்கானது. காலையில் கஞ்சி இருந்த நாளில் போட்டிருக்கிறார், இல்லாத நாளில் விட்டிருக்கிறார். வெறும் வயிற்றில் போட்டால் கிறுகிறுவென்று வருகிறதாம். அது உண்மைதான். சர்க்கரையை வேகமாக இறக்கும் சில மாத்திரைகளைச் சாப்பிடாமல் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்து மயக்கம் வரும், உயிருக்கும் ஆபத்து வரலாம். ஆயாவுக்கு அதை யாரும் பாடமாகச் சொல்லவில்லை. உடம்பு சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஆக, ஆயா மாத்திரை சாப்பிடாதவர் இல்லை. ஒவ்வொரு மாத்திரைக்கும் தனித்தனியாக ஒரு முடிவெடுத்தவர். அந்த முடிவில் பாதி சரி, பாதி ஆபத்து. ஆனால் நோட்டில் ஏறியது இரண்டு சொல் மட்டும்.

எண்ணுவது எப்படி?

ஒரு நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று அளப்பது மருத்துவத்தில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. எளிய முறை ஆயா வீட்டில் நடந்ததுதான். 30 மாத்திரை கொடுத்து மாதக் கடைசியில் 6 மிச்சம் என்றால் 24 உள்ளே போயிருக்கிறது. 24ஐ 30ஆல் வகுத்தால் 80 விழுக்காடு. பிரஷர், சர்க்கரை போன்ற நீண்டகால நோய்களுக்கு இந்த 80ஐத்தான் பல ஆய்வுகள் எல்லைக்கோடாக வைக்கின்றன. அதற்கு மேலே ஒழுங்கானவர், கீழே ஒழுங்கற்றவர். பள்ளியில் 35 மார்க் மாதிரி ஒரு வசதிக்காக வைத்த கோடு அது.

கணக்கு தெரிந்த மாணவர்களுக்கு இதன் ஓட்டை உடனே தெரியும். ஐந்து நாளுக்கு ஒன்று தவறவிட்டவருக்கும், சேர்ந்தாற்போல் ஆறு நாள் நிறுத்தியவருக்கும் கிடைப்பது ஒரே 80தான். உடம்புக்கு இரண்டும் ஒன்றல்ல. குழியை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு நூற்றுக்கு நூறு வாங்குகிறவர்களும் உண்டு. எண்ண வருகிறார்கள் என்று தெரிந்தால், பரீட்சைக்கு முதல் நாள் படிப்பதுபோல முதல் இரண்டு நாள் மட்டும் ஒழுங்காகப் போடுகிறவர்களும் உண்டு.

வாயைத் திறந்து கேட்பது இன்னொரு முறை. அதற்குத் தயார் செய்த கேள்விப் பட்டியல்களும் உண்டு. மறந்துபோவதுண்டா, உடம்பு தேவலை என்று நிறுத்தியதுண்டா, தொந்தரவு செய்தது என்று விட்டதுண்டா என்று போகும். கேள்விகளில் தவறில்லை. கேட்கிறவர் நாற்காலியிலும் பதில் சொல்கிறவர் நின்றுகொண்டும் இருக்கும்போது உண்மை எப்படி வரும்? ‘ஆமாங்க’ என்று சொல்லித் தப்பிக்கப் பல தலைமுறையாகப் பழகியவர்கள் நாம். மருந்துக் கடையில் மாதாமாதம் வாங்கினாரா என்று பதிவேட்டைப் பார்ப்பது வேறொன்று. வாங்கியது தெரியும், விழுங்கியது தெரியாது. திறக்கும் நேரத்தைத் தானே குறித்துக்கொள்ளும் மின்னணுப் பெட்டியும் வந்திருக்கிறது. அதற்கும் திறந்தது தெரியும், அவ்வளவுதான்.

பொய் சொல்லாத சாட்சி சிறுநீரும் ரத்தமும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை போட்டவர்களுக்கு இது பழக்கம். சில மணி நேரத்தில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். முதல் நாள் ரத்தமோ என்று பயந்து ஓடிவந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த நிறமே ஓர் அளவுகோல்தான்.

சேத்துப்பட்டில் நடந்தது

இந்த எண்ணிக்கைக் கலைக்கு உலக அளவில் வழிகாட்டிய இடங்களில் ஒன்று நம் சென்னை என்பது பலருக்குத் தெரியாது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலை. இன்று அதுதான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்போது காசநோய் என்றால் சானடோரியம்தான். மலைக்காற்று, பால், முட்டை, மாதக்கணக்கில் ஓய்வு. அங்கே இருந்த படுக்கைகளோ நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் ஒன்றுமே இல்லை. ஐசோனியாசிட், பாஸ் என்ற மருந்துகள் வந்திருந்தன. நகரத்து ஏழைகளிடம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம், ஒற்றை அறையில் எட்டுப் பேர் படுப்பவர்களிடம் இந்த மாத்திரைகளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் சாப்பிடுவார்களா என்பதுதான் சந்தேகம். வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் தலைமையில் அதைச் சோதித்தார்கள். ஒரு பகுதி நோயாளிகள் சானடோரியத்துக்கு, மறு பகுதி அவரவர் வீட்டுக்கு. இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் வாரம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிப் போனார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் பணியாளர்கள் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். ஃபெரிக் குளோரைடு சேர்த்தால் பாஸ் மருந்து இருக்கும் சிறுநீர் நிறம் மாறும்.

1959இல் முடிவு வெளியானது. ஓராண்டு கழித்து நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு, வீட்டில் 86 விழுக்காடு. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், வேலைக்கும் போனார்கள், நெரிசலில் படுத்தார்கள். அப்படியும் இந்த முடிவு. கூட இருந்த குடும்பத்தாருக்கு இதனால் நோய் அதிகம் பரவவில்லை என்பதும் பின்னர் உறுதியானது. ஏழையை நம்பி மருந்தைக் கையில் கொடுக்கலாம் என்று உலகத்துக்குச் சொன்ன ஆய்வு இது. உலகம் முழுக்கச் சானடோரியங்களை மூட வைத்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு.

ஆனால் அதே எண்ணிக்கை இன்னொன்றையும் காட்டியது. சிலர் மாத்திரையை விட்டிருந்தார்கள். இது சென்னைக் குடிசைக்கு மட்டும் உரிய குணமல்ல. அதே 1950களில் பிரிட்டனிலும் வெளிநோயாளிகளின் சிறுநீரைச் சோதித்தபோது பலர் மருந்தைத் தவறவிட்டது தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கைப்படி, வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோய்க்கான மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் சராசரியாகப் பாதிப் பேர்தான். ‘இதுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் புத்தி வராது’ என்று புறநோயாளிப் பிரிவு வரிசையில் நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

விட்டவர்களை என்ன செய்வது? கண்ணெதிரே விழுங்க வைப்பது என்ற வழியும் சென்னையிலேயே சோதிக்கப்பட்டது. வாரம் இருமுறை மையத்துக்கு வரவழைத்து நேரில் மருந்து கொடுத்த ஆய்வு 1964இல் வந்தது. அந்த விதைதான் 1990களில் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் உலகமெங்கும் மரமானது. வீட்டில் கொடுத்தாலும் குணமாகும் என்று காட்டிய அதே ஊரிலிருந்துதான் வாயைப் பார்த்துக்கொண்டே கொடு என்பதும் புறப்பட்டது. இரண்டில் இரண்டாவதுதான் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது.

பெயர் எழுதிய பெட்டி

என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவர் ஒருவர். பிறகு செங்கல் சூளைக்குப் போய்விட்டார். 2009இல் அவருக்குக் காசநோய் என்று தெரிந்தது. அப்போதிருந்த முறையில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பெட்டி. மேலே அவர் பெயர் எழுதி, ஆறு மாத மருந்தும் அதற்குள்ளேயே இருக்கும். முதல் இரண்டு மாதம் வாரம் மூன்று நாள் மருந்து கொடுப்பவரின் முன்னால் நின்று விழுங்க வேண்டும். அடுத்த நான்கு மாதம் வாரத்தின் முதல் வேளையை அங்கே விழுங்கிவிட்டு, மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய், காலி அட்டையைத் திருப்பிக் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடு. யார் மருந்தும் யாருக்கும் போகாது, இடையில் தீர்ந்துபோகாது.

அவருக்கு மருந்து கொடுக்க அமைந்தவரின் வீடு ஊர்த்தெருவில் இருந்தது. இதற்கு மேல் நம் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அவர் திண்ணைக்குக் கீழே நிற்பார். மாத்திரை காகிதத்தில் வைத்துக் கொடுக்கப்படும். தண்ணீரை அவரே பாட்டிலில் கொண்டுபோக வேண்டும். தொற்றுநோய் என்பதால் தனி டம்ளர் என்று சொல்லப்பட்டது. “டீக்கடையிலயும் தனி டம்ளர்தான், அங்க எந்த நோய்க்கு?” என்று என்னிடம் கேட்டார், சிரித்துக்கொண்டே. அவருக்கு எல்லாவற்றுக்கும் சிரிப்புதான்.

இரண்டு மாதம் போனார். இருமல் நின்றது, எடை கூடியது. தை பிறந்ததும் சூளைக்காரர் ஆள் அனுப்பினார். முன்பணம் வாங்கியாகிவிட்டது, கணவன் மனைவி ஜோடியாகப் போக வேண்டும், ஒருவர் போகாவிட்டால் கடன் நிற்கும். சூளையில் வேலை தையிலிருந்து ஆனி வரை, ஏறக்குறைய ஆறு மாதம். காசநோய்ச் சிகிச்சையும் ஆறு மாதம். இரண்டு ஆறு மாதங்களும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வேறு மாவட்டத்துக்குப் போகிறவருக்குச் சிகிச்சையை மாற்றித் தர வழி அப்போதும் இருந்தது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

பெட்டி அந்த வீட்டிலேயே இருந்தது. இரண்டு மாதம் தொடர்ந்து மருந்து எடுக்காவிட்டால் அட்டையில் ‘டிஃபால்ட்’ என்று எழுதுவது அப்போதைய விதி. எழுதினார்கள். நுண்கடன் கம்பெனிக்காரர்கள் வாசலில் வந்து கத்தும் அதே சொல். ஆனியில் திரும்பி வந்தபோது அவரால் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை நடக்க முடியவில்லை. மறுபடி சிகிச்சை தொடங்கினார்கள். ஐப்பசி மழையில் இறந்துபோனார்.

நான் பிறகு அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் மாத்திரை அப்படியே இருந்தது. எண்ணினால் அவர் எவ்வளவு தவறினார் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். திண்ணையையும் டம்ளரையும் முன்பணத்தையும் அந்தப் பெட்டியை வைத்து எண்ண முடியாது.

தமிழ் படித்த புத்தி சொற்களைச் சுற்றியே வரும். மருந்தை ஒழுங்காக எடுப்பதற்கு முதலில் ஆங்கிலத்தில் புழங்கிய சொல் ‘கம்ப்ளையன்ஸ்’. சொன்னதற்குக் கீழ்ப்படிதல் என்று பொருள். கீழ்ப்படிதலை நம்மிடம் அளந்து பார்த்தவர்கள் வரலாற்றில் நிறைய உண்டு. பிறகு அதை மாற்றி, சேர்ந்து பேசி ஒப்புக்கொண்டதைக் கடைப்பிடித்தல் என்ற பொருளில் ‘அட்ஹியரன்ஸ்’ என்றார்கள். ‘டிஃபால்ட்’ என்பதையும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் எடுத்துவிட்டது. இப்போது ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்ற பொருளில்தான் எழுத வேண்டும். நல்லது. தொடர்பு இரண்டு பக்கத்திலிருந்தும் விட்டுப்போகலாம் என்பதாவது அந்தச் சொல்லில் இருக்கிறது.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். நாம் பார்த்த அளவுகோல் எல்லாம் நான்கில் ஒன்றை மட்டுமே அளக்கிறது.

மருந்தே இல்லாத நாள்

2017லிருந்து காசநோய்க்கு நாடு முழுவதும் தினசரி மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து சேர்ந்தது. மொத்தம் 168 நாள். எத்தனை மாத்திரை என்பதை எடையை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். 35 முதல் 49 கிலோ வரை இருப்பவருக்கு நாளைக்கு மூன்று. வயல் வேலை செய்யும் நம் பெண்களில் பலர் இந்த வரிசையில்தான் வருவார்கள்.

கண்ணெதிரே விழுங்குவதற்குப் பதில் கைபேசி வந்தது. மாத்திரை அட்டையைச் சுற்றி ஓர் உறை. மாத்திரையை அழுத்தி எடுத்தால் உள்ளே ஒரு எண் தெரியும், அந்தக் கட்டணமில்லா எண்ணுக்கு அழைத்தால் சாப்பிட்டதாகப் பதிவாகும். திண்ணைக்குக் கீழே நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளின் சிறுநீரைச் சோதித்து இந்தப் பதிவோடு ஒப்பிட்டு 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பதிவை முழுதாக நம்ப முடியாது என்று தெரிந்தது. அழைப்பு வந்தும் மருந்து இல்லை, அழைப்பு வராமலும் மருந்து இருக்கிறது. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் கணவனோடு வேலைக்குப் போய்விடும் என்பதை நம் பெண்களிடம் கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பார்கள்.

2024 மார்ச் மாதம் காசநோய் மாத்திரைகளே பல மாநிலங்களில் தட்டுப்பாடானது. வழக்கமாக மருந்தை வாங்கி அனுப்பும் மத்திய அரசு, மூன்று மாதத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அந்த மாதம் யார் அட்டையில் யார் பெயருக்கு நேரே தவறியவர் என்று எழுதினார்கள்?

உணவையும் அளப்பதில்லை. மாதம் 500 ரூபாய் என்று 2018இல் தொடங்கிய ஊட்டச்சத்து உதவி, 2024 நவம்பரிலிருந்து 1000 ரூபாய். வங்கிக் கணக்கில் சிக்கல் என்றால் அதுவும் தாமதமாகும். சேத்துப்பட்டு ஆய்வில் குறைந்த உணவோடும் குணமானார்களே என்று கேட்கலாம். மருந்து வேலை செய்யும், உண்மை. ஆனால் ஜார்கண்டில் நோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் தானியமும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 விழுக்காடு குறைந்தது. சித்த மருத்துவத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு. எந்த மருந்தை எதோடு கொடுக்க வேண்டும் என்பது. தேனோ, பாலோ, வெந்நீரோ. சித்த மருத்துவராக இருந்த அயோத்திதாசப் பண்டிதரின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கு அது புதிதல்ல. கஞ்சி இல்லாத நாளில் மாத்திரையை விட்ட ஆயா கேட்டது அனுபானம்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். காசநோய் மருந்தை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம், பிறகு சிகிச்சை நீளும், கடுமையாகும். பிரஷர் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் பக்கவாதத்துக்கு வாசலைத் திறந்துவிடுவதாகும். தொந்தரவு என்றால் சொல்லுங்கள், நிறுத்த வேண்டாம். வேலைக்கு வெளியூர் போகிறவர்கள் போகும் ஊரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் ‘நிக்‌ஷய்’ பதிவை அந்த ஊருக்கு மாற்றித் தருவார்கள். அந்த எண்ணைக் கைபேசியிலோ ரேஷன் அட்டையின் பின்புறமோ எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சூளையில் வேலை செய்பவருக்கும் அங்குள்ள அரசு மருத்துவமனையில் மருந்து பெற உரிமை உண்டு.

ஆயாவை நான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். இளம் மருத்துவர், பெண். ஆயா முதலில் ‘ஆமாங்க, சாப்பிடுறேங்க’ என்றுதான் ஆரம்பித்தார். மருத்துவர் ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு எல்லாம் வந்தது, கயனி, வரப்பு, கஞ்சி. நீர் மாத்திரையை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து மதியம் போட்டுக்கொள்ளச் சொன்னார். சர்க்கரைக்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வாசல் வரை கொண்டுவந்துவிட்டது. அது பெரிய விஷயம், குறை சொல்ல மாட்டேன். அந்தப் பத்து நிமிடப் பேச்சும் கூடவே வாசலுக்கு வந்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் மாலைநேரப் படிப்பகப் பிள்ளைகள் இப்போது ஒரு நோட்டு போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு பக்கம். முதல் பத்தியில் மாத்திரை போட்ட நாள், இரண்டாவதில் போடாத நாள், மூன்றாவதில் போடாததற்கு அவர் சொன்ன காரணம் அவர் சொன்ன வார்த்தையிலேயே. நான்காவதில், போய்க் கேட்டும் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பிய நாள். வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும், நோயின் பெயர் எழுதக் கூடாது என்று பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி விதி போட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

மே முதல் தேதி கிராமசபையில் நான்காவது பத்தியை மட்டும் வாசிக்கப்போகிறார்கள். முதலில் ஆயா வீட்டுப் பக்கத்தை எடுக்கலாமா என்று அவரிடம் கேட்டார்கள். “என் பேரப் போட்டே படிங்க” என்றார்.